கிடைக்கிறதை மேலே போடு

அந்தப் பெண்ணை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. என் பிழைப்பில் மண் அள்ளிப் போட வந்தவள் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரை நான் எடுத்து நடத்த ஆரம்பித்த வருடம் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட என்னை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று நம்பித்தான் கடையையே எடுத்தேன். பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே ஒருத்தி மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அதே பன்னிரண்டாம் வகுப்புதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடப் படிக்கிறவர்களை வரிசையில் நிற்க வைத்து, யார் என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், எப்படி விண்ணப்பம் போடுவது என்று சொல்லிக் கொடுக்கிறாளாம். அதுவும் சும்மா.

பிள்ளைகள் அவளை ஆபீசரம்மா என்று கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். தலையை எண்ணெய் வைத்து இழுத்து வாரி, மூக்குக்கண்ணாடியை நொடிக்கொரு தரம் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரில் நிற்பவனைப் பார்த்து "உட்காரு" என்று அவள் சொல்கிற தோரணைக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. கொஞ்ச நாளில் வாத்தியார்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தங்கள் தலைவலியை இன்னொருத்தி இலவசமாக வாங்கிக்கொண்டால் யாருக்குத்தான் கசக்கும்?

அவளுக்கு ஓர் அண்ணன். கேஸ் சிலிண்டர் போடுகிறவன். என் வீட்டுக்கும் அவன்தான் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். அவனும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன், நல்ல மார்க் வாங்கியவன். பரீட்சை முடிந்ததும், கல்லூரியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று வீட்டிலேயே காத்துக்கொண்டிருந்தானாம். விண்ணப்பம் என்று ஒன்று போட வேண்டும், அதற்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் காவலாளி, அம்மா நாலு வீட்டுத் துணி வாங்கித் தேய்த்துக் கொடுப்பவள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் தங்கச்சிக்கு அந்தக் கோபம் ஆறவேயில்லை. அண்ணன் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பார்த்து, இனி இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர்கூட ஒன்றும் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். மேசை வந்த கதை இதுதான். இது தெரிந்த பிறகு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. வருகிறவர்களிடம் "நீ என்ன ஆகணும்" என்று கேட்க மாட்டாள். அப்படிக் கேட்டால் எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் என்று ஒப்பிப்பார்களாம். "அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு புதன்கிழமை காலையில நீ எங்க நிக்கணும்? அதைச் சொல்லு" என்பாள். முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். ஒருத்தன் நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றான். இன்னொருத்தி, எங்கே என்றாலும் பரவாயில்லை, ஏசி இருக்கிற இடமாக இருக்க வேண்டும் என்றாள். அதற்கும் அவள் சிரிக்காமல் ஒரு படிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

அந்த மேசைக்கு வந்தவர்களில் அவளுக்கு உயிர் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். தையல்காரர் மகள், ஆளும் ஒல்லி, ஆசைப்பட்டதும் நர்சிங். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊசி என்று பெயர். அவளுடைய புதன்கிழமை வெகு தெளிவாக இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் இருக்கிற வார்டில், கையைக் கழுவிக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொல்லும்போது கையைத் தேய்த்துக் காட்டினாளாம். அவள் மார்க்குக்கு அது கிடைக்கக் கூடியதும்தான்.

ஆனால் ஊசியின் அப்பாவை மசிய வைப்பது லேசான காரியமாக இல்லை. மூத்த மகள் பேக்கிங் கம்பெனிக்குப் போகிறாள், இவளும் கூடவே போகட்டும் என்பது அவர் கணக்கு. ஆபீசரம்மா பல நாள் சாயங்காலம் அவருடைய தையல் கடையில் போய் உட்கார்ந்து, பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டே பேசிப் பேசி அவரைக் கரைத்தாள். கடைசியில் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தடவை முயற்சி பண்ணட்டும். ஏதாவது ஓர் இடம் நிச்சயமாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மறுவார்த்தை இல்லாமல் பேக்கிங் கம்பெனி. நிச்சயம் கிடைக்கும் என்று ஆபீசரம்மா அவருக்கு வாக்குக் கொடுத்தாள்.

இங்கேதான் வினை வந்தது. விண்ணப்பத்தில் நமக்கு வேண்டிய கல்லூரிகளையும் படிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த வேண்டும். ஆபீசரம்மா எல்லாருக்கும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினாள்: கிடைக்கிறதை மேலே போடு, ஆசைப்படுறதைக் கீழே போடு. மேலே பெரிய இடத்தை எழுதி அது கிடைக்காமல் போனால் மொத்தமாக வெளியே தள்ளிவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். அண்ணனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒன்றுமே இல்லாமல் நிற்பதைவிடப் பெரிய பயம் வேறு கிடையாது. அவள் பயத்தையே எல்லாருக்கும் புத்திமதியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்பதுதான் விஷயம். ஊசியும் உள்ளூர்க் கல்லூரியில் அலுவலக நிர்வாகப் படிப்பை மேலே போட்டாள், நர்சிங்கை அதற்கடுத்துப் போட்டாள். அந்த உள்ளூர்ப் படிப்பைப் படித்து முடித்தவர்களும் கடைசியில் அதே பேக்கிங் கம்பெனியில்தான் பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் ஒரு விடுமுறை நாளாக அமைந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். அன்று காலையில், இப்போதைய நிலவரப்படி யாருக்கு எந்த இடம் வரும் என்று முன்கூட்டியே காட்டும் ‘மாதிரி முடிவு’ வெளியாகியிருந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் ஆபீசரம்மா என் கடைக்கு வந்தாள். தன் மேசைக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தருடைய விண்ணப்ப எண்ணாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாருக்கும் இடம் காட்டியது. ஒருத்தர்கூட விடுபடவில்லை. முகமெல்லாம் பல்லாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பெருந்தன்மையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தூங்குமூஞ்சி வந்தான். அவனும் அந்த வகுப்புதான். அவள் மேசைப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை, அந்த நேரத்தில் வகுப்பில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவான். தன் மாதிரி முடிவை பிரின்ட் எடுக்க வந்திருந்தான். எட்டிப் பார்த்த ஆபீசரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளைவிட, ஊசியைவிட, அவள் பிள்ளைகளில் பாதிப் பேரைவிட மார்க் குறைவாக வாங்கியவனுக்கு, ஊரே ஏங்குகிற கல்லூரியில் இடம் காட்டியது.

எந்த வரிசையில் போட்டாய் என்று கேட்டாள். அவன் கொட்டாவி விட்டபடி சொன்னான்: "எனக்குப் புடிச்ச வரிசையில போட்டேன். வேற எப்படிப் போடுவாங்க?"

அவள் கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள். விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். நானும் பின்னால் நின்று படித்தேன். விஷயம் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரிதான் இருந்தது. கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். நம் மார்க்குக்கு இடம் இருக்கிற முதல் வரியில் நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் யாரையும் வெளியே தள்ளாது, அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆக, கிடைக்கிறதை மேலே போட்டவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டதன் கதவைத் தங்கள் கையாலேயே சாத்தியிருந்தார்கள்.

"அக்கா, எல்லாரையும் நானே கெடுத்துட்டேன்" என்றாள்.

திரையில் அவளுடைய விண்ணப்பப் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. அதில் வரிசையை மாற்றிச் சேமித்தாள். பிறகுதான் போனை எடுத்தாள். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், உடனே மாற்று என்றாள். மழுப்பவில்லை, வேறு யார் மேலும் பழி போடவில்லை. சிலர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒரு பையனுடைய அம்மா போனைப் பிடுங்கி, ஊர்ப் பிள்ளைகள் வாழ்க்கையில் விளையாட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். எனக்கே சுருக்கென்றது. ஆபீசரம்மா முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, ஆமாம் ஆன்ட்டி, ஆனால் முதலில் மாற்றச் சொல்லுங்கள் என்றாள். கேட்கக் கேட்க மாற்றினார்கள். கடைசியாக மிஞ்சியது ஊசி ஒருத்திதான். அவள் வீட்டில் இருப்பது ஒரே போன், அப்பாவுடையது. அது அணைந்து கிடந்தது.

நான் கடை ஷட்டரை இறக்கினேன். அன்றைய வியாபாரம் அதோடு போயிற்று. அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. வீடும் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நம் அவசரம் புரியவில்லை. உள்ளே வாங்க, தண்ணி குடிங்க என்று உபசரித்துவிட்டு, நிதானமாகத்தான் சொன்னாள். பள்ளிச் சீருடை மொத்தமாகத் தைக்கிற வேலை வந்திருக்கிறதாம், பைபாஸ் தாண்டி ஒரு கொட்டகையில் குடும்பத்தோடு போய்த் தைக்கிறார்களாம். நான் மனசுக்குள் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

வழியில் ஒரு ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் நத்தை மாதிரி நகர்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரயில் சத்தத்தில் என் காதுக்கருகே வந்து சொன்னாள்: "என்னோடதை முதல்ல மாத்திட்டேன்க்கா. அவளை அதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்." பக்கம் திறந்திருந்தது, மாற்றினாய், அதில் என்ன தப்பு, அப்போது கூப்பிட்டிருந்தாலும் போன் அணைந்துதான் இருந்திருக்கும் என்று நான் கத்திச் சொன்னேன்.

கொட்டகையில் வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊசி ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காலர் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆபீசரம்மா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் மிஷினை நிறுத்தவில்லை. போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அதை வாங்கி ஒரு பிளக்கில் சொருகியது நான்தான். அது உயிர் பெற்று எழுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றால் அந்தப் போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட வேண்டும். ஓடிபி கேட்டு அனுப்பினோம். அதற்குள் தையல்காரர் வந்து போனைப் பிளக்கிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கொடுமை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நீதானேம்மா என் கடையில வந்து உட்கார்ந்து, கிடைக்கிறதை மேல போட்டா நிச்சயம் கிடைக்கும்னு சொன்னே? நீ சொன்ன மாதிரியே கிடைச்சிருக்கு, காலையிலேயே பக்கத்துக் கடைக்காரர் பார்த்துச் சொல்லிட்டாரு. இப்ப நீயே வந்து அதைக் கீழ இறக்குங்கிறே. ரெண்டும் போயிடுச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அப்படிப் போகாது என்று அவள் சொன்னாள். விதியை விளக்கினாள். தூங்குமூஞ்சி கதையைச் சொன்னாள். நானும் என் பங்குக்குச் சொன்னேன். அன்றைக்கும் இப்படித்தானே அடித்துச் சொன்னாய் என்றார் அவர். அவரை நம்ப வைக்க அந்தப் பெண் எவ்வளவு பாடுபட்டிருந்தாளோ, அவ்வளவு கெட்டியாக அவர் பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்கு வந்த ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார்களே என்ற பயம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆபீசரம்மா அழுதாள். காலில் விழப் போனாள், அவர் பதறித் தடுத்தார். மற்ற தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரி வந்து, வேலை கெடுகிறது, எதுவானாலும் வெளியே போய்ப் பேசுங்கள் என்று விரட்டினார். வெளியே வெயிலில் நின்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அதுவரை வாய் திறக்காத ஊசி, அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்கு நர்ஸ் ஆகணும். அதுக்குத்தான் படிச்சேன்."

அவர் போனை நீட்டினார். நான் நேரத்தைப் பார்த்தேன். முதலில் வந்த ஓடிபி காலாவதியாகியிருந்தது. மறுபடி அனுப்பச் சொன்னோம். வெளியே சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. ஊசி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடினாள். வந்தது. போட்டாள். பக்கம் சுற்றிச் சுற்றித் திறந்தது. வரிசை அப்படியே தெரிந்தது, உள்ளூர்க் கல்லூரி மேலே, நர்சிங் கீழே. மாற்றுவதற்கான பொத்தான் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. ஆபீசரம்மா அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். விரல் வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள். ஐந்து மணி தாண்டியிருந்தது.

தையல்காரர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

சில நாள் கழித்து நிஜ முடிவு வந்தது. அன்றைக்குப் போனில் கிடைத்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஆசைப்பட்டதோ, அதற்கு அடுத்ததோ கிடைத்தது. நாய்க்கு ஊசி போட ஆசைப்பட்டவன் என் கடையில் குதித்தே விட்டான். அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசிய அந்த அம்மா ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து கொடுத்து, மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு என்றாள். ஆபீசரம்மாவுக்கும் அவள் கேட்ட படிப்பே கிடைத்தது. அவள் அந்தப் பழத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நர்சிங்கில் கடைசியாக இடம் வாங்கிய பெண்ணின் மார்க்கை வெளியிட்டிருந்தார்கள். அது ஊசியின் மார்க்கைவிடக் குறைவு. ஊசிக்கு உள்ளூர்க் கல்லூரியே வந்திருந்தது.

பிறகு ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், ஊசி வந்தாள். ஆபீசரம்மா தன் சேர்க்கைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள வந்து, எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அப்போதுதான். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஊசி ஸ்டூலை இழுத்துப் போட்டு, மாடிப்படி மேசைக்கு முன்னால் உட்கார்வாளே, அதே மாதிரி எதிரில் உட்கார்ந்தாள். நிலவரத்தைச் சொன்னாள். கிடைத்த இடத்தில் நாளைக்குள் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் அதோடு முடிந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டால் இரண்டாவது சுற்றில் நிற்கலாம். நர்சிங்கில் யாராவது இடத்தை விட்டுப் போனால் அவளுக்கு வரலாம். யாரும் போகாவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. அப்பா இந்தத் தடவை ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாராம், நீயே முடிவு பண்ணிக்கொள், ஆனால் ஒன்றும் கிடைக்காவிட்டால் பேக்கிங் கம்பெனி, அதில் மாற்றமில்லை என்றாராம். இவ்வளவையும் கோபமில்லாமல், அடுத்த வீட்டு விஷயம் மாதிரி சொல்லி முடித்தாள்.

"சேரட்டுமா, விட்டுடட்டுமா? நீ சொல்லு" என்றாள்.

ஆபீசரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், அதற்கு முந்தின வருடம் என்ன ஆனது என்றெல்லாம் அவள் தேடிப் படித்திருந்தாள். எனக்குத் தெரியும், என் கடையில்தான் தேடினாள். ஒரு வருடம் நிறையப் பேர் விட்டிருந்தார்கள், இன்னொரு வருடம் ஒருத்தர்கூட விடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல? நான் பிரின்டரில் காகிதம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியலடி. சத்தியமா எனக்குத் தெரியல."

ஊசி அதை நம்பாதவள் போல அவள் முகத்தையே பார்த்தாள். அந்த மேசையில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டிராத பதில் அது. வீட்டில் கேட்க ஆள் இல்லை, பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, வாத்தியார்கள் விடுமுறையில் போய்விட்டார்கள். கதவுக்கு வெளியே பஸ் ஒன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. பிறகு அவள் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்:

"அப்ப நான் யாரைக் கேக்கட்டும்?"